சுரண்டாத இடம்

மலையடிவாரத்து மில்லின் தறிக்கூடக் கதவை யாரோ திறந்து மூடிய ஒரு கணத்தில் வெளியே வந்து விழுந்த அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணமாகிப் பதினோரு நாள் ஆகியிருந்தது, சாப்பாட்டுத் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். முந்நூறு தறிகள் ஒரே நேரத்தில் அடித்துக்கொள்ளும் சத்தம். மழை என்று சொல்ல முடியாது, மழைக்கு நடுவில் மூச்சு விட இடம் உண்டு. கதவு மூடிய பிறகும் அது நின்றுபோகவில்லை, தரைக்குள் இறங்கி என் செருப்புக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்துதான் அவர் வந்தார், தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்க, சிரித்துக்கொண்டு, "என்ன லீலா, பயந்துட்டியா?" என்று கேட்டார், கத்துகிறோம் என்று தெரியாமலே கத்திக் கேட்டார். அந்தக் கத்தல் அன்றைக்கு எனக்குப் பிடித்திருந்தது. பி.ஏ. தமிழ் படித்துவிட்டு, கல்லூரி மலரில் நாலு கவிதை அச்சான கர்வத்தோடு வந்தவள் நான், அந்தச் சத்தத்துக்கு ஒரு சொல் தேடிக்கொண்டே வீடு திரும்பினேன். வீவிங் மாஸ்டராக முப்பத்தொரு வருஷம் அந்தக் கதவுக்கு உள்ளே நிற்கப்போகிறவரின் காதில் அது என்ன செய்யும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. சொல் கிடைத்ததா என்பதும் இப்போது நினைவில்லை.

இப்போது கேட்டுக்கொண்டிருப்பது வேறு சத்தம். வண்ணார்பேட்டை பைபாஸ் ரோட்டில், காருக்குப் பாட்டு செட் மாட்டும் பீர் முகமதுவின் தகரக் கூரை போட்ட கடையில், காலை பதினோரு மணிக்கு, எங்கள் சிவப்புக் காரின் பின்சீட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் டிரைவர் சீட்டில் என் கணவர் அருள்தாசன், எழுபத்தாறு வயது, இரண்டு கையும் ஸ்டியரிங்கில், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நிமிர்ந்து. எனக்குப் பின்னால் திறந்த டிக்கிக்குள் பீர் முகமதுவின் தலை. இன்ஜின் ஓடுகிறது, செட் போட்டிருக்கிறது, பாட்டு இல்லை. பாட்டு இல்லாத அந்த வெறுமையில் கதவு ஸ்பீக்கர்களிலிருந்து அந்தக் கீச்சு. ஈர விறகை அடுப்பில் வைத்தால் மறுமுனையில் நுரை கட்டிக்கொண்டு ஒரு சன்னமான ஓசை வருமே, அது. அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது. பீர் முகமது என் தோளுக்கு அருகே கையை நீட்டி ஆட்டுகிறார், நான் முன்னால் குனிந்து இவர் இடது தோளைத் தொடுகிறேன், இவர் மிதிக்கிறார். மூன்று பேரும் ஒரு மிஷினின் மூன்று உறுப்பு மாதிரி. "கேக்குதாம்மா?" "கேக்குது." "இப்பம்?" "இப்பமும்." "அண்ணாச்சிக்கு?" என்று கேட்டுவிட்டுப் பீர் முகமது நாக்கைக் கடித்துக்கொண்டார். அண்ணாச்சிக்குக் கேட்காது. தறிக்கூடம் கீழ்ச் சத்தங்களை விட்டுவைத்து மேல் சத்தங்களை மட்டும் தின்றுவிட்டது. குயில் போனது, குக்கர் விசில் போனது, டெலிபோன் மணி போனது, அந்த வரிசையில் என் குரலும் போனது. என் குரல் சன்னம். குரலை இறக்கி, இடது காதுக்குப் பக்கத்தில் போய், ஒவ்வொரு சொல்லாக வைத்தால் வாங்கிக்கொள்வார். வெளியாட்கள் பேசுவதையெல்லாம் நான்தான் அப்படி எடுத்துப் போய் வைப்பேன். இருபது வருஷமாக உலகம் அவரிடம் சொன்னது எல்லாம் என் வாய் வழியாகத்தான் போயிருக்கிறது.

இன்றைக்குப் புதன்கிழமை. சனிக்கிழமை இஸ்ரவேல் வருவதாகச் சொல்லியிருக்கிறார், மகள் கல்யாணத்துக்கு அழைப்புக் கொடுக்க. இந்தச் செட்டை இந்தக் காரில் மாட்டிக் கொடுத்தவர் இஸ்ரவேல்தான். மில்லில் இவருக்குக் கீழே எலெக்ட்ரீஷியனாக இருந்தவர், இவரைவிடப் பதினாலு வயது இளையவர், எங்கள் வீட்டில் கேட்காமலே அடுப்படி வரைக்கும் வரக்கூடிய ஒரே வெளியாள். நாலு வருஷமாக அவர் வரவில்லை, இவரும் பேசவில்லை. காரணம் இந்தக் கீச்சு. "வேலயக் கெடுத்துட்டேன் அண்ணாச்சின்னு ஒரு வார்த்த சொல்லட்டும், மத்ததெல்லாம் பெறவு" என்று இவர் போன வாரமும் சொன்னார், எங்கள் வேதக்கோவில் பணியாளர் வந்து சேதி சொன்னபோது. சொல்லாவிட்டால் சனிக்கிழமை முன்னறைக்கே வரமாட்டாராம். அதனால்தான் காரை இங்கே கொண்டுவர வைத்தேன். இவரிடம் செட்டைக் கழற்றிவிடலாம் என்று சொல்லிக் கூட்டி வந்தேன். என் மனசில் இருந்தது வேறு. செட்டே கோளாறு, கம்பெனியில் செய்யும்போதே கோளாறு, யார் மாட்டியிருந்தாலும் இப்படித்தான் கத்தியிருக்கும் என்று பீர் முகமது ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அந்த வார்த்தையை நான் எடுத்துப் போய் இடது காதில் வைத்துவிடுவேன். யாருக்கும் நோகாது. சனிக்கிழமை இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள். பீர் முகமது டிக்கியைத் திறந்து பார்த்ததும், "இதயா கழட்டச் சொல்லுதீங்க? நல்ல செட்டும்மா இது. சத்தம் எங்கேருந்து வருதுன்னு பாத்துருவோம், ஓடியா போகப்போவுது" என்றார். எங்கேயிருந்து என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

செட் வந்த கதையை நினைத்தால் முதலில் வருவது இவர் முகம். ரிட்டயர் ஆன பிறகு பாட்டுக் கேட்பதை விட்டுவிட்டார். ரேடியோ போட்டால் எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சாமான் நகர்த்துகிற மாதிரி இருக்கிறது என்பார். காதில் வைக்கும் மிஷின் ஒன்று வாங்கி, எல்லாம் தகரமாக ஒலிக்கிறது என்று டிராயரில் போட்டுவிட்டார். மில்லில் ஆள் குறைத்தபோது வெளியே வந்த இஸ்ரவேல் கார் செட் கடை போட்டிருந்தார். ஒரு நாள் கடைக்கு வந்த யாரோ ஒருவருடைய காரில் இவரை உட்காரவைத்து, சீட்டில் நன்றாக முதுகைச் சாய்க்கச் சொல்லிவிட்டு, டிக்கியில் இருந்த பெரிய ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாராம். இவர் வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. "லீலா, முதுகுல கேக்குது! மிருதங்கம் முதுகுல கேக்குது!" என்றார். எழுபதைத் தாண்டிய மனிதர். ஸ்பீக்கரின் அடிச்சத்தம் சீட்டு வழியாக எலும்புக்குள் ஏறுகிறது, அங்கேயிருந்து அவர் பாட்டை மறுபடி கட்டிக்கொள்கிறார், வார்த்தை எல்லாம்தான் மனப்பாடம் ஆயிற்றே. எந்த டாக்டருக்கும் தோன்றாதது ஒரு மில் எலெக்ட்ரீஷியனுக்குத் தோன்றியது. எனக்கும் தோன்றவில்லை. நான் கூடவே இருந்தவள், சொல்லுக்கும் ஓசைக்கும் காது கொடுத்துப் பழகினவள், எனக்குத் தோன்றவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்திருக்கலாம். இருந்தது. என் குரல் ஏறாத இடத்தில் ஒரு மரப்பெட்டி ஏறுகிறதே என்று.

பீர் முகமது ஆம்ப்ளிஃபயரில் செருகியிருந்த இரண்டு வயர்களை உருவினார். கீச்சு பட்டென்று நின்றது. நான் "போச்சு" என்று சொல்வதற்குள் மறுபடி செருகினார், மறுபடி வந்தது. "முன்னால உள்ள செட்டுல இருக்கலாம், இல்ல அங்கேருந்து இங்க வார வயர்ல இருக்கலாம்" என்றார். முன்னால் உள்ள செட் என்றதும் எனக்கு மூச்சு லேசானது. கம்பெனிக் கோளாறு. சொல்லிவிடுங்கள் தம்பி, சொல்லிவிடுங்கள். அவர் சொல்லவில்லை, புது வயர் ஒன்றை எடுத்து வந்து, முன்சீட்டுக்கு மேலே, என் மடியைத் தாண்டி டிக்கிக்கு இழுத்தார். "பாட்டுக்கு வார வயரும் பேட்டரி வயரும் ஒண்ணா ஓடுனா ஒண்ணோட சத்தம் இன்னொண்ணுல ஏறிரும். ஆனா இங்க இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு அழகாப் பிரிச்சு ஓட்டிருக்காரு. ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு கட்டு. யாரும்மா மாட்டுனது?" "எங்களுக்குத் தெரிஞ்சவர்தான்." "கை சுத்தம்மா அவருக்கு" என்றார். என் மடியில் அந்தக் கறுப்பு வயர் கிடந்தது. இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "என்னவாம்?" என்றார். நான் குனிந்து இடது காதில், "பாத்துக்கிட்டு இருக்காரு" என்றேன். கை சுத்தம் என்று அவர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லை எடுத்துப் போய் வைத்திருந்தால் எல்லாமே வேறு மாதிரி ஆகியிருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை, அப்போது நான் கீச்சையே கவனித்துக்கொண்டிருந்தேன். புது வயரிலும் அது வந்தது. கொஞ்சமும் குறையாமல், என் மடியைத் தாண்டிப் போய், அதே ஈர விறகு.

மாட்டிய மறுநாளே கேட்டேன் நான். ஹைகிரவுண்டு போகிற வழியில் இவர் பாட்டு போட்டு விரல்களால் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார், இரண்டு பாட்டுக்கு நடுவில் அது வந்தது. சொன்னேன். இவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டார். கேட்காத ஒன்றைக் கேட்க முயல்கிறவரின் முகத்தைப் பார்க்க முடியாது. "இல்லியே லீலா." "இருக்கு." "அப்பம் சரி, நீ சொன்னா இருக்கும்." நான் சொன்னது உண்மை, அதில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் எத்தனை முறை சொன்னேன். ஒவ்வொரு பயணத்திலும் சொன்னேன். இதோ இப்போது, இதோ மேட்டில் ஏறும்போது, இதோ. காருக்குள் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, அதன் ஓரத்தில் உட்கார்ந்து நான் ஓட்டை காட்டிக்கொண்டே வந்தேன். ஒரு கட்டத்தில் பாட்டைப் போடும்போதே என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார். நான் கண்ணை லேசாகச் சுருக்கினால் போதும், அணைத்துவிடுவார். அதற்குப் பிறகுதான் கோபம் இஸ்ரவேல் மேல் திரும்பியது. தனக்குக் கேட்காததால் தன் தலையில் கட்டிவிட்டான், செவிடன்தானே என்று நினைத்துவிட்டான் என்று.

இஸ்ரவேல் வந்து பார்த்தாரே. அதைத்தான் மனசு தாண்டித் தாண்டிப் போகிறது, அந்த இடத்தில் கால் வைக்காமல். வந்தார், ஒரு செவ்வாய்க்கிழமை, இவர் கோவில் கமிட்டிக்குப் போயிருந்தார். காரில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அம்மா சொல்லுதது சரிதான், சத்தம் இருக்கு" என்றார். "எர்த்துலதாம்மா. அந்த எடத்தக் கொஞ்சம்..." என்று தொடங்கினார். நான் என்ன சொன்னேன்? வேறு வழி பாருங்கள் என்றேன். அப்படித்தானா? அவர் ஒரு சின்னப் பெட்டியை வாங்கி வந்து வயருக்கு நடுவில் மாட்டினார், சத்தத்தை வடிகட்டுவதற்கு. கீச்சு பாதியாயிற்று, போகவில்லை, பாட்டும் மங்கிவிட்டது, இவருக்கு முதுகில் ஏறிய மிருதங்கம் பஞ்சுக்குள் வைத்து அடித்த மாதிரி ஆகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் கோவில் முற்றத்தில் நிற்கையில் இவர் கேட்டார், எவ்வளவு சத்தமாகக் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டார். "இஸ்ரவேலு! உன் கைக்கு வேல தெரியுமாலே? தெரியாட்டி தெரியலன்னு சொல்லணும். எங்காது போச்சுன்னா ஊர்க்காதுமா போச்சு?" பாட்டுக்குழுப் பெண்கள் திரும்பினார்கள். போதகர் திரும்பினார். இஸ்ரவேல் இவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தார். எனக்கு அப்போது கையில் குடை இருந்தது. அதை விரித்தேன். வெயில் அவ்வளவாக இல்லை. "சரி அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துபோனார். அவர் கடைக்கு வந்துகொண்டிருந்தவர்களில் பாதிக்கு மேல் அந்த முற்றத்தில் நின்றவர்கள்தான்.

பீர் முகமது பேட்டரியிலிருந்து நீளமாக ஒரு வயரை வெளியே தரையோடு இழுத்து வந்து ஆம்ப்ளிஃபயரில் வைத்துப் பிடித்தார். "இப்பம் மிதிக்கச் சொல்லுங்க." தோளைத் தொட்டேன். இன்ஜின் ஏறியது. ஒன்றும் இல்லை. நாலு வருஷமாக நான் மட்டும் கேட்டுவந்த அந்த ஒன்று இல்லை, எங்கேயோ ஒரு வீட்டில் அடுப்பை அணைத்த மாதிரி. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "மாட்டிக்கிட்டான்" என்று பீர் முகமது சிரித்தார். "செட்டு நல்லாருக்கு, வயரு நல்லாருக்கு, எர்த்துதாம்மா. ஆம்ப்ளிஃபயர்ல இருந்து ஒரு குட்டி வயர் காரோட தகரத்துல போயி நல்லாப் பதியணும். அங்க பதியலன்னா கரண்டு வேற வழி தேடும், பாட்டு வயர்ல ஏறி ஊளையிடும்." டிக்கியின் விரிப்பைப் புரட்டி ஒரு போல்ட்டைக் கழற்றினார். நான் பின்சீட்டில் திரும்பி முட்டிபோட்டுக்கொண்டு, எழுபத்திரண்டு வயதில் குழந்தைபோல் சீட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். போல்ட் இருந்த இடத்தில், வயரின் வளையம் உட்கார்ந்திருந்த இடத்தில், பளபளவென்று சிவப்பு. ஒரு கீறல் இல்லை. வாங்கிய அன்றைக்கு இருந்த அதே சிவப்பு. "பெயிண்டு மேலயே வச்சு முறுக்கியிருக்கு" என்றார் பீர் முகமது. "பெயிண்டு கரண்ட விடாதுல்லா. சுரண்டி வெள்ளத் தகரம் தெரியணும். அதுல வைக்கணும்." அவர் குரல் யோசனையாகிவிட்டது. "இவ்வளவு சுத்தமா வேல பாத்தவருக்கு இது தெரியாம இருக்காதும்மா. வண்டிக்காரங்கதான் சொல்லியிருப்பாங்க. சிலபேரு அப்படித்தான், புது வண்டி, கீறாதீங்கன்னு ஒரே புடியா நிப்பாங்க."

நான்தான் நின்றேன். மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம், இந்த நிமிஷம் வரை சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் மறக்கவில்லை, அது இருந்தது, மடித்து வைத்த துணிக்கு அடியில் இருக்கும் சாவிபோல, இருக்கிறது என்று தெரியும், எடுக்கவில்லை. கோவில் வளாகத்தில் காரை நிறுத்தி, போதகர் பானட்டில் கை வைத்து ஜெபம் பண்ணி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் வாழ்க்கையில் முதல் கார். இஸ்ரவேல் டிக்கியில் உப்புத்தாளை எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன், இவர் முன்சீட்டில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். "என்ன செய்யப் போறீங்க?" "இந்த எடத்தச் சுரண்டணும்மா, ரெண்டு விரல்கட அளவுதான், விரிப்புக்கு அடியில, வெளிய தெரியாது." "ஜெபம் பண்ணி ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள சுரண்டணுமா? அப்படியே வைங்க." "அப்படியே வச்சா நல்லாப் புடிக்காதும்மா." "இறுக்கி முறுக்குனா புடிக்கும்." நான் பட்டம் வாங்கினவள், எதையும் தெரியாது என்று சொல்லிப் பழகாதவள். அவர் ஒரு நிமிஷம் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், பிறகு சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார். இறுக்கி முறுக்கினார். அந்தச் செவ்வாய்க்கிழமையும் அந்த இடத்தைக் கொஞ்சம் என்று அவர் தொடங்கியது சுரண்ட வேண்டும் என்பதற்குத்தான். வேறு வழி பாருங்கள் என்று நான் சொன்னது அதற்குத்தான். கோவில் முற்றத்தில் அவர் பார்த்தது அதற்குத்தான். ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. அம்மாதான் சுரண்டவிடவில்லை என்று சொல்லியிருந்தால் இரண்டே சொல்லில் முடிந்துபோயிருக்கும், கடைக்கு ஆள் வருவது நின்றிருக்காது. சொல்ல வேண்டியவள் நான் என்று நினைத்தார்போலும். என் வாயிலிருந்துதான் இவருக்கு எல்லாம் போகும் என்பது அவருக்குத் தெரியும்.

உப்புத்தாள் உராய்கிற சத்தம். சரக் சரக்கென்று, சின்னதாக, பல்லில் படுகிற சத்தம். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சிவப்பு போய், அடியில் சாம்பல், சாம்பல் போய் வெள்ளைத் தகரம், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு. வளையத்தை வைத்து முறுக்கி, வடிகட்டிப் பெட்டியைக் கழற்றி வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, துருப் பிடிக்காமல் இருக்க மேலே பெயிண்ட் தடவினார். இன்ஜின். ஆக்ஸிலேட்டர். ஒன்றும் இல்லை. "அம்மா காதுக்கு இப்பம் வேல இல்ல" என்று சிரித்தபடி பீர் முகமது கையைத் துடைத்துக்கொண்டு டிரைவர் பக்கம் வந்தார். "அண்ணாச்சி, சரியாப்போச்சு!" இவர் அந்த வாயசைவைப் பார்த்து என் பக்கம் திரும்பினார். முகத்தில் சந்தேகம், ஆசை, வெயில். "என்னவாம் லீலா? எங்க கோளாறாம்?" இப்போது சொல்ல வேண்டும். நான் குனிந்தேன். காது மடலில் நரைத்த மயிர், அவர் போடும் பவுடர் வாசனை. நான் சுரண்டவிடவில்லை. இரண்டு சொல். இஸ்ரவேல் மேல் தப்பில்லை. அது மூன்று. குரலை இறக்கினேன். "வயர் சரியில்லையாம்" என்றேன். அது எங்கேயிருந்து வந்தது? யார் பெயரும் இல்லாத வாக்கியம் என்று நினைத்துத்தான் அதை எடுத்திருக்க வேண்டும், யாரையும் குத்தாத, உருட்டி வழவழப்பாக்கின வாக்கியம். அது அவர் காதில் போய் விழுந்ததும் என்ன ஆயிற்று என்பதைப் பார்த்தேன். தாடை இறுகியது. "நான் அப்பமே நெனச்சேம்லா. நல்ல வயருன்னு சொல்லி மட்ட வயரப் போட்டிருக்கான். எங்கிட்ட. எங்கிட்டப் போயி." கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பீர் முகமது கை துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வயர் ஒண்ணும் கொறையில்லியேம்மா, சொல்லுங்க அண்ணாச்சிட்ட" என்றார் மெதுவாக. "சொல்றேன்" என்றேன். "வீட்ல போய் விவரமாச் சொல்றேன்." அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை, டிக்கியை மூடும்போது கதவை அழுத்தி மூடினார்.

திரும்பும்போது முன்சீட்டில் உட்கார்ந்தேன். அவர் இடது காது என் பக்கம். பாட்டைப் போட்டார், ஏதோ பழைய சினிமாப் பாட்டு, டிக்கிக்குள்ளிருந்து அடிச்சத்தம் புறப்பட்டு என் முதுகிலும் ஏறியது, நாலு வருஷத்துக்குப் பிறகு. எவ்வளவு சுத்தமாக இருந்தது. பாட்டுக்கு நடுவில் வரும் மௌனம்கூடக் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. அவர் முகம் தளர்ந்துவிட்டது, விரல்கள் ஸ்டியரிங்கில் தட்டத் தொடங்கின. மேம்பாலத்துக்குக் கீழே சிக்னலில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்ல வேண்டுமென்றால் பாட்டைக் குறைக்க வேண்டும். கை பித்தான்வரை போயிற்று. அவர் அதைப் பார்த்து, பழைய பயம் கண்ணில் வர, "இரைச்சல் இருக்கா?" என்றார். "இல்ல, இல்ல." "நெசமாவா?" "நெசமா." "நீ சொன்னா சரி" என்று மறுபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டார். நீ சொன்னா சரி. கேட்காத கீச்சை இருக்கிறது என்றபோதும் நம்பினார், இல்லை என்கிறபோதும் நம்புகிறார், அதற்கு நடுவில் ஒரு மனிதரை என் வார்த்தையின் பேரில் வெளியே தள்ளினார். இந்தப் பாட்டு முடியட்டும் என்று நினைத்தேன். அது முடிந்து இன்னொன்று வந்தது, அதுவும் அவருக்குப் பிடித்தது. சமாதானபுரம் வந்துவிட்டது. வீட்டு வாசலில் காரை நிறுத்தி, இறங்காமல், கடைசிப் பாட்டு முடியும்வரை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கும் சொல்லவில்லை, வியாழனும் வெள்ளியும் சொல்லவில்லை. சொல்லப்போகிறேன் என்ற நினைப்பே போதுமானதாக இருந்தது அந்த இரண்டு நாளும், அதிலேயே கொஞ்சம் நல்லவளாக நடமாடிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பத்தரை மணிக்கு இஸ்ரவேல் தனியாக வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் அழைப்பிதழ்க் கட்டு. முன்னைப்போல உள்ளே வரவில்லை, கம்பிக் கதவுக்கு வெளியே நின்று மணி அடித்தார், அடித்த பிறகுதான் அந்த மணி யாருக்குக் கேட்காது என்பது ஞாபகம் வந்ததுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார். இவர் உள்ளறையிலிருந்து, "நான் தூங்குதேன்னு சொல்லு" என்றார். வாசல்வரை கேட்டது, தெருவில்கூடக் கேட்டிருக்கும். நான் அழைப்பை வாங்கிக்கொண்டேன். உட்காருங்கள் என்று சொன்னேன், அவர் உட்காரவில்லை. "அண்ணாச்சிக்கு இப்பம் பாட்டு கேக்குதாம்மா?" என்றார். "கேக்குது. செட்டைச் சரிபண்ணிட்டோம், புதன்கிழமை." "யாரு பாத்தா?" "பீர் முகமது." "நல்ல வேலக்காரன்" என்றார். "எர்த்ததான் பாத்திருப்பான்." "ஆமா." "சொரண்டுனானா?" "ஆமா" என்றேன். அவர் தலையை ஆட்டினார், சந்தோஷமாகத்தான் ஆட்டினார், ஒரு கணக்கின் விடை சரி என்று தெரிந்துகொண்ட மாதிரி. நான் அவரிடமாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம், அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். "காப்பி போடவா?" என்று கேட்டேன். "இல்லம்மா, இன்னும் எட்டு வீடு இருக்கு" என்றார். கதவைச் சாத்திவிட்டு வந்தபோது இவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "மன்னிப்பு கேட்டானா?" என்றார். நான் இடது காதுப் பக்கம் போகவில்லை, நின்ற இடத்திலிருந்தே தலையை மட்டும் அசைத்தேன், இல்லை என்று.

கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. இஸ்ரவேல் ஜூன் மாதம் தன் செட் கடையைக் காலி செய்துவிட்டு, வீட்டையும் ஒழித்துக்கொண்டு மகளோடு நாசரேத்துக்குப் போய்விட்டார். இப்போது அங்கே ஒரு பள்ளிக்கூடத்து வேன் ஓட்டுகிறார்.